மனசைப் படித்து எடுத்த பூ

செந்தில், புதன்கிழமை போனில் நமக்குள் பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோது அதைத் திசைதிருப்ப நீ ஒரு கேள்வி கேட்டாய். ஜனவரியில் பெங்களூரில் மேஜிக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு வார இறுதி வகுப்பு தொடங்கப் போகிறாய். முதல் நாளே அவர்கள் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது, மனசைப் படிக்கிற வித்தையான மென்டலிசத்தின் அந்தப் பழைய பெரிய புத்தகங்களையே கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். "நீதான் என் புக்ஸ் எல்லாத்தையும் படிச்சு முடிச்சவளாச்சே, சொல்லும்மா" என்று சிரிக்கவும் செய்தாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து யோசித்துப் பார்த்ததில், நாம் எதற்குச் சண்டை போட்டோமோ அதுவும் நீ பேச்சை மாற்றக் கேட்ட கேள்வியும் ஒன்றேதான் என்று எனக்குப் பட்டது. அதனால் உட்கார்ந்து ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

நான் தமிழில் எழுதினால் உனக்குப் படிக்கக் கஷ்டம்தான், தெரியும். இங்கே டில்லியில் புசா ரோடு பள்ளியில் ஐந்தாவது வரை படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒரு பக்கத்துக்கு ஒரு டீ ஆறிப்போகும். பரவாயில்லை. வேகமாகப் படித்துவிட்டு "அச்சா அச்சா, புரிஞ்சுது" என்று நீ தள்ளிவிடுகிற சங்கதி இல்லை இது. உன் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பப் போகிற அம்மாக்களும் பிறகு இதைப் படிக்கட்டும் என்று நினைத்தே எழுதுகிறேன். அதற்காக, நம் எதிர் பிளாக் அக்காவின் பெயரையும் அவள் வீட்டுக்காரர் பெயரையும் மட்டும் பழனியம்மா, மாணிக்கம் என்று மாற்றி வைத்திருக்கிறேன். யாரென்று உனக்குத் தெரியும். ஆனால் மற்ற யாருக்கும் போவதற்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும், நீ செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கவும் வேண்டும்.

அந்தப் புத்தகங்கள் நம் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்லூரிக் கடைசி வருஷத்தில், யாரோ சிநேகிதனிடமிருந்து வாங்கி, ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி போட்டு மூன்று கட்டுகளாகக் கொண்டுவந்தாய். பழைய காலத்து இங்கிலீஷ், பொடி எழுத்து, படம் கிடையாது. இந்த வீட்டுக்குள் வருகிற எதையும் பார்க்காமல் உள்ளே வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அது பருப்பானாலும் புத்தகமானாலும். பத்தாவதோடு நின்றவள் நான். பேப்பரையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானாகக் கற்ற இங்கிலீஷ் இது. நீ தூங்கப் போன பிறகும் காலையில் குக்கர் சத்தம் போடுவதற்கு முன்னும் ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். என்னமோ ஏவல் பில்லி என்று பயந்துகொண்டுதான் தொடங்கினேன். அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் மனுஷ புத்தி. உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடக்காமலே சொன்னார்: "மத்தவங்க மனசைப் படிக்கானாம். கரண்ட் பில்லு வந்து ஒரு வாரமா டேபிள்ல கெடக்கு, அதைப் படிக்க மாட்டேங்கான்."

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், அவை மட்டமான புத்தகங்கள் இல்லை. சில இடங்களில் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எதிரில் இருக்கிறவர் பேசும்போது குறுக்கே விழாமல் கேட்பது, மேடைக்கு வந்தவரை ஒரு நொடிகூட அவமானப்படுத்தாமல் திருப்பி அனுப்புவது, ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் காரியம் கெடும் என்பது, இதெல்லாம் நாற்பது வருஷம் மேடையில் நின்றவன் எழுதியது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் எழுதினவன் யாருக்காக எழுதினான் என்று ஒரு கேள்வி இருக்கிறதே. ஏற்கெனவே சீட்டையும் காசையும் கயிற்றையும் வைத்துக் கை தேர்ந்தவர்களுக்காக எழுதினான். அதனால்தான் பாதி விஷயத்தைச் சொல்லாமலே போகிறான். ‘இந்த இடத்தில் சீட்டை மாற்றிக்கொள்’ என்று ஒரே வரி. எப்படி மாற்றுவது, மாற்றும்போது கை நடுங்கினால் என்ன செய்வது, எதிரில் இருப்பவர் பார்த்துவிட்டால் எந்த முகத்தோடு நிற்பது, ஒன்றும் கிடையாது. சமையல் தெரிந்தவளுக்கு ‘பக்குவமாக இறக்கு’ என்று எழுதினால் போதும். அடுப்பே பார்க்காதவளுக்கு அதே வரியைக் கொடுத்தால் பாத்திரத்தையும் சேர்த்து எரித்துவிடுவாள்.

நீ அடுப்புப் பார்க்காமல் நேராக அங்கே போனவன். அப்போது நான் கேட்டேன், முதலில் அந்தக் காசு மறைக்கிறது, பந்து மாற்றுகிறது எல்லாம் படிக்க வேண்டாமா என்று. "அதெல்லாம் பச்சோங்களுக்கும்மா, சின்னப் பசங்களுக்கு. அதுக்கு வருஷக்கணக்கா கை பழகணும். இதுக்கு மண்டை இருந்தா போதும்" என்றாய். இதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளைக்கு மண்டை இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது உன் வகுப்புக்கு வரப்போகிறவர்களும் இதையேதான் சொல்லிக்கொண்டு வருவார்கள், பார். கை பழகாமல் சீக்கிரம் மேடை ஏறலாம் என்பதற்காகவே மனசு படிக்கிற வித்தைக்கு வருவார்கள். அது சுலபம் என்பதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

அந்த வருஷம் பொங்கலுக்கு மொட்டை மாடியில் நீ முதன்முதலாகச் செய்து காட்டினாயே, கீழ்வீட்டு வீணா ஆன்ட்டியை எழுப்பி நிறுத்தி. சின்ன வயதில் ரொம்பப் பிடித்த தின்பண்டம் ஒன்றை மனசில் நினைக்கச் சொன்னாய், கண்ணைப் பார்த்தாய், நெற்றியைத் தேய்த்துக்கொண்டாய், "கீர்" என்றாய், நம் பாயசம்தான். ஆன்ட்டி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு "பில்குல், பேட்டா", அப்படியேதான் மகனே, என்றாள். எல்லோரும் கை தட்டினோம். மறுநாள் மாடிப்படியில் பால் பாத்திரத்தோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "மைனே தோ பின்னி சோச்சா தா" என்றாள். குளிர்காலத்தில் அவர்கள் பிடிப்பார்களே கோதுமை உருண்டை, அதைத்தான் அவள் நினைத்திருக்கிறாள். பிறகு எதற்கு ஆமாம் என்றாய் என்று அவளைக் கேட்டேன். "பச்சா ஹை, தில் டூட் ஜாதா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. எனக்கும் உன் மனசு உடையக் கூடாது என்றுதான். ஆனால் அன்றைக்கிருந்தே இது எனக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. காசை மறைக்கிறவன் கை தவறினால் காசு தரையில் விழும், சத்தம் கேட்கும், கூட்டம் சிரிக்கும். அவன் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து திரும்பப் பழகுவான். மனசு படிக்கிறவன் தவறினால் சத்தமே கேட்காது. எதிரில் நிற்கிறவர் இரக்கப்பட்டுத் தலையாட்டுவார், அல்லது அவரே கொஞ்சம் வளைந்து கொடுத்து ‘ஆமாம், அப்படித்தான் இருக்கும்போல’ என்று பொருத்திக்கொள்வார். பலித்தது மட்டும் ஊர் முழுக்கச் சுற்றும், பலிக்காததை யாரும் சொல்லமாட்டார்கள். நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். சாயந்திரம் பர்ஸில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துவராவிட்டால் எங்கோ தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும். ஒத்துப் பார்க்கவே வழியில்லாத ஒரு வித்தையைக் கற்கத் தொடங்குகிறவனுக்கு, தான் எவ்வளவு கற்றிருக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? நீ தேறிவிட்டாய் என்று நீயே நம்பினாய். நாங்களும் நம்பவிட்டோம்.

இப்போது இந்தத் தீபாவளிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழனியம்மா அக்கா வீட்டுக்கு முறுக்கு டப்பாவைக் கொடுத்தனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாய். சமையலறையில் வந்து நின்றுகொண்டு, ஆன்ட்டிக்கு ஒரு சின்ன ஹெல்ப் பண்ணிவிட்டு வந்தேன் என்று நீ சொன்ன விதம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பூக்கட்டிப் பார்க்க ஒரு குழந்தை கிடைக்கவில்லை என்று அக்கா தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேரன் கனடாவில். வெளியே புகைமூட்டம், கோயிலுக்குப் போக முடியவில்லை. நீ மேஜிக் செய்து போடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து உன்னிடம் ஏதோ அருள் இருக்கிறது என்று முடிவுகட்டி வைத்திருந்த அக்கா, வாசலில் உன்னைப் பார்த்ததும் முருகனே அனுப்பிவிட்டான் என்று உள்ளே இழுத்திருக்கிறாள்.

உன் வகுப்பில் சேருகிறவர்களில் பலருக்கு இது தெரியாமலிருக்கலாம், அதனால் சொல்கிறேன். ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று மனசு தவிக்கும்போது, ஒரு தாளில் வெள்ளைப் பூவையும் இன்னொரு தாளில் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி மடித்துக் குலுக்கி, சாமி முன்னால் போடுவோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். என்ன கேட்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை, மனசுக்குள் வேண்டிக்கொள்வதோடு சரி. ஒன்றும் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்வோம். அக்கா பார்க்கில் பறித்த நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்தாள். நீ என்ன செய்தாய் என்று நீயே சொன்னாய். "ரொம்ப சிம்பிள்மா. ஒரு பாக்கெட் மடிப்பு அழுத்தமா இருந்துது. அதை வைக்கும்போது அவங்க கை அதுலயே கொஞ்சம் நின்னுது. அப்புறம் கண்ணு அங்கேயே போகுது. அவங்களுக்கே தெரியலை. அவங்களுக்கு எது வேணுமோ அதை எடுத்துக் குடுத்தேன். பிரிச்சுப் பார்த்துட்டு அழுதுட்டாங்கம்மா, சந்தோஷத்துல." புத்தகத்தில் மடித்த சீட்டுகளுக்கென்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறதே, அதை அப்படியே செய்திருக்கிறாய். என்ன கேட்டாளாம் என்று கேட்டேன். "அது எனக்கெதுக்கு? சொல்லக் கூடாதாமே. ஊர்ல ஏதோ நிலம் விக்கிறதா இருக்கும்" என்று முறுக்கை எடுத்துக் கடித்தாய்.

நீ பெங்களூர் போன பிறகு, கார்த்திகை பிறந்து சில நாளில், அக்காவே சந்தோஷமாக வந்து சொன்னாள். மாணிக்கம் அண்ணனுக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம், நாளும் குறித்திருந்தார்களாம், அது இப்போது இல்லை. ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. ஊரிலிருந்து ஏதோ கஷாயம் வருகிறது. "ஆண்டவனே வேண்டாம்னு சொல்லிப்போட்டான் அம்மிணி. அதும் உம் பையன் கையால" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடப்பிறந்த அண்ணனை ஆபரேஷன் மேஜையிலேயே பறிகொடுத்தவள் அவள். கத்தி வேண்டாம், வேண்டாம் என்றுதான் அவள் உள்ளே ஒவ்வொரு நரம்பும் கத்திக்கொண்டிருந்திருக்கும். கை நின்றது சிவப்பில், கண் போனது சிவப்புக்கு. செந்தில், நீ அவள் மனசைச் சரியாகத்தான் படித்தாய். கேள்வியைப் படிக்கவில்லை. அவளுடைய பயத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாய், அவள் அதை முருகன் வாக்கு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று அவள் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காற்றில் அவ்வளவு புகை, எதிர் பிளாக்கே மங்கலாகத் தெரிந்தது. மாணிக்கம் அண்ணன் தயிர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அந்த பிளாக் படியில் ஏறிக்கொண்டிருந்தார். நாலு படி ஏறி நிற்கிறார், கம்பியைப் பிடித்துக்கொள்கிறார், யாராவது வந்தால் பாக்கெட்டைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்கிறார், மறுபடி ஏறுகிறார். அவர் வீட்டில் கதவு மூடுகிற வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

புதன்கிழமை இதைத்தான் உன்னிடம் போனில் சொன்னேன். நீ பயந்துபோவாய் என்று நினைத்தேன், பயந்திருந்தால் நான் உனக்கு ஆறுதல்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் நீ சொன்னாய்: "நான் ஒண்ணுமே கிளெய்ம் பண்ணலையேம்மா. எனக்குச் சக்தி இருக்குன்னு நான் சொன்னேனா? இல்லைன்னும் சொல்லலை. அவங்க என்ன நம்பணும்கறது அவங்க சாய்ஸ்." இது உன் பேச்சு இல்லை என்று உடனே தெரிந்தது. அந்த மூன்று கட்டுகளில் எதில், எந்தப் பக்கத்தில் அந்த எண்ணம் வருகிறது என்றுகூட என்னால் காட்ட முடியும். மேடையில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால், அந்தப் பேச்சுக்கு ஒரு அர்த்தம் இருக்கலாம். அவர்களுக்கு எட்டு மணிக்குக் காட்சி முடிந்துவிடும் என்பது தெரியும். அக்காவின் பூஜை அறையில் காட்சி எப்போது முடிந்தது? இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது? ரகசியத்தை வெளியே சொல்வது தொழில் தர்மம் இல்லை என்றும் சொன்னாய். கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவனுக்கு அந்தப் புத்தகங்களில் முதலில் கண்ணில் படுவது இதுதான், மற்ற கஷ்டமான பாடமெல்லாம் பிறகுதான் ஏறும். மறுக்காமல் இருக்கலாம் என்ற சலுகை ஒரே நாளில் மனப்பாடமாகிவிடுகிறது.

உன்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைக்காதே. அந்தப் புத்தகங்கள் என்னையும் விட்டுவைக்கவில்லை. உன் அப்பாவைக் கட்டிக்கொள்ளலாமா என்று எங்கள் வீட்டில் பூக்கட்டித்தான் பார்த்தார்கள். வெள்ளை வந்தது, டில்லிக்கு வந்தேன். இத்தனை வருஷமாக, கஷ்டம் வந்தபோதெல்லாம், இது அவன் போட்ட வழி என்று அந்த வெள்ளைப் பூவைத்தான் பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு வாரமாக விளக்கேற்றி உட்கார்ந்தால் மனசு வேறெங்கோ போகிறது. பொட்டலத்தை மடித்தது யார்? என் அம்மாவா, சித்தியா? எடுத்த பிள்ளையின் கை எந்தப் பக்கம் போகிறது என்று யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்களா? கோயிலில் விபூதிப் பொட்டலம் கொடுத்தால்கூட மடிப்பைப் பார்க்கிறேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பூக்காரன் இலையில் சுற்றித் தருகிறதையும் பார்க்கிறேன். சஷ்டி விரதத்தை இத்தனை வயதில் ஒருநாளும் சந்தேகத்தோடு முடித்ததில்லை, இப்போது முடிக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கே இப்படி ஆகிறது என்றால், இருபது வயதுப் பையன் எதைப் பிடித்துக்கொள்வான்? மனுஷர்கள் எவ்வளவு சுலபமாக ஏமாறுவார்கள் என்று முதல் பாடத்திலேயே கற்றுக்கொள்கிறவன், அவர்களை மதிக்க எப்போது கற்றுக்கொள்வான்?

நேற்றுக் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெயில் பட பால்கனியில் இருந்தார். அக்காவைப் பூஜை அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ மடிப்பைப் பார்த்தாய், கையைப் பார்த்தாய், கண்ணைப் பார்த்தாய், அவ்வளவுதான், அருள் ஒன்றுமில்லை என்றேன். காலண்டர் தாளைக் கிழித்து மடித்தும் காட்டினேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் சிரித்தாள், என்னைப் பார்த்துப் பாவப்பட்ட மாதிரி.

"ஏன் அம்மிணி, பையனுக்குக் கண்ணு பட்டுரும்னு பயந்துக்கறயா? அவன் மடிப்பைப் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? அவனுக்கு அதைக் காட்டுனது ஆரு? அதும் முருகந்தானே?"

வேறு ஒரு நாளாக இருந்தால், வேறு ஒருத்திக்கு, நானே இதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் எது நடந்தாலும் அவன் காட்டினான் என்றுதானே நானும் சொல்லி உன்னை வளர்த்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டேன், அக்கா, நாம ஏன் இதுக்குக் குழந்தையைக் கூப்பிடுதோம்? பெரியவங்க கை நீளாதா? நமக்கு என்ன ஆசை, என்ன பயம்னு குழந்தைக்குத் தெரியாது, அதனாலதானே? தெரிஞ்ச கை எடுத்தா அது எப்படிச் சாமி வாக்கு ஆகும், அது நம்ம வாக்குதானே என்றேன். அவள் சிரிப்பு நின்றது. முந்தானையை எடுத்துக் குத்துவிளக்கின் ஓரத்தைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். வெளியே அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது.

"நீ சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்" என்றாள் கடைசியில். "பெத்தவ என்ன வேணா சொல்லுவா. அந்தத் தம்பி வரட்டும். இதே எடத்துல நின்னு, தெரிஞ்சுதான் எடுத்தேன்னு அவன் வாயில சொல்லட்டும். அப்பறம் நான் என்ற ஊட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போறதா வேண்டாமான்னு பாக்கறேன்." போனில் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டேன். போனில் சொல்வதற்குச் சாமி வாக்கு என்ன கேஸ் சிலிண்டர் புக்கிங்கா என்று எழுந்து போய்விட்டாள்.

இதுதான் நிலைமை. இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்தப் புத்தகங்களைத் தொடங்குகிறவர்கள் கையில் கொடுக்காதே. பூட்டி வைத்துக்கொள் என்று சொல்லவில்லை, எரித்துவிடு என்றும் சொல்லவில்லை. அவை நல்ல ஆசிரியர்கள், ஆனால் முதல் வகுப்பு ஆசிரியர்கள் இல்லை. ஒரு வருஷமாவது காசையும் பந்தையும் கயிற்றையும் கொடு. கீழே விழட்டும், கூட்டம் சிரிக்கட்டும். வீட்டில் தங்கச்சி ‘தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சுபோச்சு’ என்று கத்தட்டும். அப்படி நாலு பேர் முன்னால் முகம் சிவந்து நின்றவனுக்குத்தான் எதிரில் இருப்பவர் முகம் என்றால் என்னவென்று தெரியும். ‘பச்சோங்களுக்கு’ என்று நீ தள்ளினாயே, அதையெல்லாம் நீயும் அவர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டால் எனக்கு இன்னும் சந்தோஷம். பிறகு அந்தப் பெரிய புத்தகங்களைத் திறக்கும்போது, இது வித்தை, என்னிடம் வேறெதுவும் இல்லை என்று காட்சி முடிந்ததும் வாய்விட்டுச் சொல்லப் பழக்கு. அதைச் சொன்னால் கைதட்டல் குறையும் என்பார்கள். குறையட்டும்.

ஆனால் இதை உன் வகுப்பில் சொல்கிற யோக்கியதை உனக்கு இன்னும் வரவில்லை, செந்தில். எனக்கும் உன்னைப் பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிற யோக்கியதை வரவில்லை. அக்கா உன்னைப் பார்க்கிற பார்வை உனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி யாரும் நம்மைப் பார்த்ததில்லை, உன் அப்பா ஆபீஸிலும் சரி, என் பிறந்த வீட்டிலும் சரி. நீ சொல்லப்போகிற ஒரே வாக்கியத்தோடு அது போய்விடும். அவள் உன்னைத் திட்டலாம். அதற்குப் பிறகும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காமலே போகலாம். சம்மதித்து, அங்கே ஏதாவது நடந்துவிட்டால், அதற்கும் நம்மைத்தான் சொல்வாள். நான் இதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் உன்னைக் கூப்பிடவில்லை. முருகனிடமும் கேட்டேன், பூக்கட்டாமல், சும்மா உட்கார்ந்து கேட்டேன். ஒரு பதிலும் வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி விமானத்துக்கு அப்பா டிக்கெட் போட்டுவிட்டார். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. சனிக்கிழமை அக்கா பூஜை முடித்துப் பத்து மணிக்கு மேல் ஓய்வாக இருப்பாள், அண்ணன் கேட்காத நேரம் பார்த்துப் போகலாம். படி வரைக்கும் நான் கூடவே வருகிறேன். பதற்றமாக இருந்தால் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள். கதவை நீதான் தட்ட வேண்டும்.

உன் அம்மா